க்ரூஸ் கப்பலில் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? வீல்சேர், வாக்கர், ஊன்றுகோலோடு போகிறவர்களுக்கான கேள்வி பதில்

அம்மா அப்பாவைக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிப்போகத் திட்டமிடுகிற பிள்ளைகளும், தாங்களே வீல்சேரில் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அறை, லிஃப்ட், துறைமுகத்தில் இறங்குவது பற்றியெல்லாம் தகவல் கிடைத்துவிடுகிறது. ராத்திரி உணவகத்துக்கு எந்த உடையில் போவது என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கோட், டை, பாலிஷ் போட்ட ஷூ என்று படித்துவிட்டு, நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று பயணம் முழுக்க அறைக்கே தட்டு வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் அப்படி ஒதுங்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருமோ அதிலிருந்து தொடங்குங்கள், அங்கிருந்து விதிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ நெருங்குங்கள், மீதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

டிரெஸ் கோட் என்று அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

பகலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈர நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் சாப்பிட வராமல் இருந்தால் சரி. விதியெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான், அதுவும் மெயின் டைனிங் ரூம் என்கிற பெரிய உணவகத்துக்கும், தனிக் கட்டணம் வாங்குகிற சிறப்பு உணவகங்களுக்கும் மட்டும். சாதாரண ராத்திரிகளில் ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக்கால்சட்டை. பெண்களுக்குச் சுடிதார், புடவை, கவுன், நல்ல பேன்ட்டும் மேல்சட்டையும், எதுவானாலும் சரி. அப்புறம் பயணத்தின் நீளத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு ராத்திரி, எல்லோரும் கோட்டும் நீள கவுனுமாக நன்றாக உடுத்தி வர வேண்டிய ஃபார்மல் நைட் வரும். சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற 3, 4 இரவுப் பயணம் போன்றவற்றில் பொதுவாக ஒன்று, 7 இரவுப் பயணத்தில் பொதுவாக இரண்டு. கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடுகிற நாளில்தான் பெரும்பாலும் அதை வைப்பார்கள், எல்லோரும் நிதானமாகக் கிளம்பட்டும் என்று.

முதல் நாள் ராத்திரியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெட்டிகள் அறைக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பது அவர்களுக்கே தெரியும், அதனால் அன்றைக்கு எளிமையான உடைதான். ஒவ்வொரு நாளும் என்ன உடை என்பது தினசரி நிகழ்ச்சி நிரலிலும் கப்பலின் செயலியிலும் இருக்கும். பயணத்துக்கு முன்பே எந்தெந்த ராத்திரி ஃபார்மல் என்று கேட்டு வைத்துக்கொண்டால், அந்த நாளில் கரையில் சுற்றி அலுத்துப்போகாமல் உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நிறுவனம் கண்டிப்பு, எது சுலபம்?

கண்டிப்பில் முதலிடம் குனார்ட். குயின் மேரி 2, குயின் விக்டோரியா, குயின் எலிசபெத், 2024-ல் வந்த குயின் ஆன் ஆகிய கப்பல்கள் இவர்களுடையவை. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குயின் மேரி 2 போகிற 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக 2 காலா ஈவினிங் (குனார்டின் ஃபார்மல் நைட்) உண்டு. ஆண்களுக்கு டக்சிடோ அல்லது கருநிற சூட், பெண்களுக்கு நீண்ட கவுன் போன்ற உடை. கறுப்பு வெள்ளை என்றும் முகமூடி விருந்து என்றும் கருப்பொருளும் வைப்பார்கள். இதையே விரும்பிப் போகிறவர்கள்தான் அந்தக் கப்பலில் அதிகம், அதனால் விதி அங்கே வெறும் காகிதத்தில் இல்லை.

எதிர்முனையில் நார்வீஜியன் குரூஸ் லைன். 2000-ம் ஆண்டிலிருந்தே ஃப்ரீஸ்டைல் என்று சொல்லி, கட்டாய ஃபார்மல் நைட்டையும் குறித்த நேரத்தில் குறித்த மேசை என்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். வெர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் ஃபார்மல் உடை கிடையாது, ஒரு ராத்திரி சிவப்பு உடுத்தி வரச் சொல்வதோடு சரி. நடுவில் இருப்பவை ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, செலிபிரிட்டி. செலிபிரிட்டியில் 2015-க்குப் பிறகு ஃபார்மல் நைட் போய் அதைவிட எளிதான ஈவினிங் சிக் வந்தது. ராயல் கரீபியனில் ஃபார்மல் நைட் அன்றைக்கும் சட்டையும் டையுமாக வருகிறவர்கள் நிறைய.

உடை மாற்றுவதே பெரிய வேலையாக இருக்கிற ஒருவருக்கு, முதல் பயணமாக இருந்தால், நான் ஃப்ரீஸ்டைல் வகையைத்தான் சொல்வேன். ஆனால் அழகாக உடுத்திக்கொண்டு உட்கார ஆசைப்படுகிற ஒரு பெரியவரை, வீல்சேரில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் குனார்டிலிருந்து தள்ளிவைக்காதீர்கள். அந்த ஆசை அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.

உடல் காரணமாக உடை விதியில் தளர்வு கேட்க முடியுமா? சட்டம் ஏதாவது உண்டா?

கேட்கலாம், கேட்க வேண்டும். ‘ஃபார்மல் ஷூ இல்லாதவருக்கு அனுமதி’ என்று எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அடிப்படை பலமாக இருக்கிறது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்பெக்டர் எதிர் நார்வீஜியன் குரூஸ் லைன் வழக்கில், அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வருகிற வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்து தரச் சொல்கிறது. ஐரோப்பாவில் 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிற 1177/2010 என்ற விதிமுறை, ஊனத்தைக் காரணம் காட்டிப் பயணியை ஒதுக்கக் கூடாது, உதவியைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்கிறது. உதவி தேவை என்பதைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். அறை, இருக்கை, உடன்கொண்டுவரும் கருவி போன்ற தேவைகளைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

நடைமுறையில் சட்டத்தை இழுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் சிறப்புத் தேவைகளுக்கென்று தனிப் பிரிவும் ஒரு படிவமும் உண்டு. அந்தப் படிவத்தில் வீல்சேர் அளவை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ‘என் தந்தைக்கு நீரிழிவால் காலில் புண் வரும் வாய்ப்பு இருக்கிறது, மருத்துவர் சொன்ன காலணியைத் தவிர வேறு போட முடியாது, மெயின் டைனிங் ரூமுக்கு எல்லா ராத்திரியும் அதோடுதான் வருவார், இதை உணவகத்துக்குத் தெரிவித்து எழுத்தில் பதில் தாருங்கள்’ என்று நேராக எழுதுங்கள். வந்த பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறிய அன்றைக்கு மதியமே உணவகத்துக்குப் போய் அங்கே தலைமைப் பொறுப்பில் இருக்கிற மேத்ர டி-யைப் பார்த்து அதைக் காட்டிவிட்டால், அப்புறம் வாசலில் நிற்பவர் யாரும் காலைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

செருப்பு, ஷூ விஷயத்தில் என்ன செய்வது?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். உடை தப்பாகப் போனால் சங்கடம், அவ்வளவே. காலணி தப்பாகப் போனால் விழுவோம், இல்லை புண் வரும்.

நீரிழிவுக்காரர்களிடமிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் எம்.சி.ஆர். செருப்பு (நீரிழிவுக் காலுக்கான மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்டது) போடுகிறவர்கள் ஏராளம். ஆண்கள் திறந்த செருப்போடு ராத்திரி உணவகத்துக்கு வருவதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதற்காக ஃபார்மல் நைட்டுக்கென்று புதிதாகத் தோல் ஷூ வாங்கிப் போடவே போடாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் புது ஷூ உரசுவது தெரியாது, ராத்திரி கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும், கடல் நடுவில் அதோடு அல்லாட வேண்டியிருக்கும். அதே எம்.சி.ஆர். அடிப்பாகம் வைத்து, மூடிய முன்பகுதியும் ஒட்டுப் பட்டையும் உள்ள கறுப்பு ஷூ செய்து தருகிறார்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்பே வாங்கி வீட்டில் போட்டுப் பழகிவிடுங்கள். சாயங்காலத்தில் கால் வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். விமானம் ஏறி வந்து, வெயிலில் சுற்றி, நாள் முழுக்க உட்கார்ந்த கால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் காலையில் இருந்த அளவில் இருக்காது.

செயற்கைக் கால் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குப் பொருத்தி அமைக்கப்பட்டிருக்கும். தினமும் போடுகிற ஷூவை விட்டு, குதி உயரமான ஃபார்மல் ஷூவுக்கு மாறினால் உடம்பு முன்னால் தள்ளும், குதி தாழ்ந்ததுக்கு மாறினால் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும். நிலத்திலேயே இது சிரமம், ஆடுகிற தளத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் தினசரி ஷூவின் குதி உயரத்தை அளந்து அதே உயரத்தில் கறுப்பு ஷூ தேடுங்கள். உயரம் குறைவாக இருந்தால் உள்ளே குதி ஆப்பு வைத்துச் சரிசெய்ய முடியும், அதைச் செயற்கைக் கால் பொருத்தியவரிடமே கேளுங்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போடுகிறவர்களும் இப்படித்தான்: எந்த ஷூவோடு காலிப்பர் பழகியிருக்கிறதோ அதை மாற்றாதீர்கள், கறுப்பில் ஒரு ஜோடி அதே மாதிரி இருந்தால் கோட் சூட்டோடு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஊன்றுகோல், வாக்கர் காரர்கள் வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், ஊன்றுகோல் நுனியின் ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். கையைப் பயன்படுத்தாமலே காலை நுழைக்கக்கூடிய ஷூக்கள் இப்போது வந்திருக்கின்றன. பெருமூளை வாதம் உள்ள ஒரு மாணவர் 2012-ல் நைக்கி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக 2015-ல் தொடங்கிய ஃப்ளைஈஸ் வரிசையில் பிறகு அப்படிப்பட்டவையும் வந்தன. முழுக் கறுப்பாக எடுத்தால் பெரும்பாலான கப்பல்களில் ஒரு பேச்சும் வராது.

பெண்களுக்கு ஹீல்ஸ் கட்டாயமா?

இல்லை, எந்தக் கப்பலிலும் இல்லை.

புடவை, வேட்டி ஏற்பார்களா? வீல்சேரில் அதை எப்படிச் சமாளிப்பது?

ஏற்பார்கள். குனார்டின் விதியிலேயே ஃபார்மல் தேசிய உடை என்று தெளிவாக இருக்கிறது. பட்டுப் புடவை எந்தக் கப்பலின் ஃபார்மல் நைட்டுக்கும் தாராளமாகப் போதும். ஆண்களுக்குப் பட்டு வேட்டி சட்டையோ, கழுத்து மூடிய பந்த்கலா கோட்டோ, ஷெர்வானியோ சரி. வேட்டியோடு காலுக்கு என்ன என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், வெறும் ரப்பர் செருப்போடு போய் நிற்காதீர்கள்.

சிக்கல் விதியில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. முந்தானை தொங்கிச் சக்கரக் கம்பியில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும், இது விளையாட்டில்லை. முந்தானையைச் சிறியதாக வைத்து, தோளில் மடித்துப் பின் குத்தி, மிச்சத்தை இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து செருகிவிடுங்கள். வீல்சேரின் பக்கத்தில் துணி விழாமல் தடுக்கிற பலகை இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். கொசுவம் முன்னால் கால் மிதிக்கு மேலேயே நிற்கிற அளவுக்கு இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள், உட்கார்ந்தால் அது சரியான நீளமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பட்டு வழுக்கும். வீல்சேர் மெத்தையின் மேல் பட்டுப் புடவையோடு உட்கார்ந்தால் உடம்பு மெல்ல மெல்ல முன்னால் சரியும், கப்பல் அசையும்போது இன்னும் அதிகமாக. உள்ளே பருத்திப் பாவாடை, இடுப்புப் பட்டை இரண்டும் இருக்கட்டும். முதுகுத்தண்டுக் காயத்தால் உணர்ச்சி இல்லாதவர்கள் ஜரிகைக் கரை, மடிப்பு, பின் எதுவும் தொடைக்கும் பிட்டத்துக்கும் அடியில் வராமல் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர விருந்தில் ஒரு தடித்த மடிப்பின் மேல் உட்கார்ந்திருப்பதே அழுத்தப் புண்ணுக்குப் போதுமானது. ராத்திரி உடை மாற்றும்போது தோலை ஒருமுறை பாருங்கள்.

இதையெல்லாம் யோசித்தால் முன்பே தைத்த ரெடிமேட் புடவைதான் எனக்குப் பிடித்த வழி. பாவாடை மாதிரி மாட்டிக் கொக்கி போட்டால் வேலை முடிந்தது. உங்கள் பழைய புடவையையே இப்படித் தைத்துத் தரும் தையல்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அளவை உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஒட்டுப் பட்டை வைத்த வேட்டி இருக்கவே இருக்கிறது.

உட்கார்ந்தே இருப்பவருக்குக் கோட் சூட் எப்படித் தைப்பது?

கடையில் கிடைக்கிற சூட்டெல்லாம் நிற்கிற உடம்புக்கு வெட்டியது. உட்கார்ந்தால் கோட்டின் கீழ்ப்பகுதி மடியில் குவியும், காலர் கழுத்தை விட்டு எழும்பும், பேன்ட் பின்னால் இறங்கி முன்னால் வயிற்றை அழுத்தும், கணுக்கால் தெரியும். தைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் கோட்டை இடுப்புக்குச் சற்றே கீழே முடிக்கச் சொல்லுங்கள். பேன்ட்டின் பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாக, கால் நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். பின் பாக்கெட் வேண்டாம், அந்தத் தையலே உறுத்தும். தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளுகிறவர்களுக்குத் தோளிலும் முதுகிலும் இழுபடுகிற துணி வேண்டும், சட்டைக் கை நுனி சக்கரத்தில் பட்டு அழுக்காகாமல் கையுறையோ சற்றுக் குட்டையான கையோ நல்லது. ஊன்றுகோல் ஊன்றுகிறவர்களுக்குக் கோட் தோளுக்கு மேல் தூக்கிக்கொள்ளும், அக்குளில் கொஞ்சம் தளர்வாக வெட்டினால் அது குறையும்.

இவ்வளவு செலவு செய்ய மனமில்லையா? கருநிற பேன்ட், வெள்ளைச் சட்டை, கருநிற நேரு ஜாக்கெட். கை இல்லாத ஜாக்கெட் என்பதால் போடுவதும் கழற்றுவதும் கோட்டைவிட எளிது. குனார்ட் காலா ஈவினிங் தவிர மற்ற நிறுவனங்களில் இது தாராளமாக நடக்கும்.

விரல் ஒத்துழைக்காது, பட்டன் போட முடியவில்லை. வேறு வழி?

பட்டனை வெளியே அழகுக்கு விட்டு, உள்ளே ஒட்டுப் பட்டை தைத்துவிடலாம். டைக்குக் கிளிப் வைத்ததோ எலாஸ்டிக் வைத்ததோ வாங்குங்கள், போ டையும் அப்படிக் கிடைக்கிறது. ஜிப்பின் நுனியில் ஒரு வளையம் மாட்டினால் இழுக்க எளிது. காந்தப் பட்டன் வைத்த சட்டைகள் பார்க்கச் சாதாரணச் சட்டை மாதிரியே இருக்கின்றன, பக்கவாதம், பார்க்கின்சன்ஸ் உள்ளவர்களுக்கு மிகவும் உதவி. ஆனால் பேஸ்மேக்கரோ, நெஞ்சில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரோ உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். காந்தம் அந்தக் கருவியின் வேலையை மாற்றிவிடக்கூடும், குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். சட்டைப் பட்டன் நேராக நெஞ்சின் மேல்தானே வருகிறது. பேஸ்மேக்கர் உள்ளவரோடு அவருக்கு உடுத்திவிடுகிறவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காலில் கட்டியிருக்கும் சிறுநீர் சேரும் பை, செயற்கைக் கால், காலில் கட்டு. ஷார்ட்ஸ்தான் வசதி. விடுவார்களா?

ஷார்ட்ஸ் ராத்திரியில் பல உணவகங்களில் கூடாது. தொடை வரை பக்கத்தில் ஜிப் வைத்த அகலமான கறுப்பு பேன்ட்டைப் போட்டுப் பாருங்கள், பையைக் காலி செய்யவும் செயற்கைக் காலின் சாக்கெட்டைச் சரிசெய்யவும் அது போதும். அதுவும் முடியாது என்றால் முன்னே சொன்ன மாதிரி எழுதிக் கேளுங்கள்.

உடை மாற்றக் கப்பல் பணியாளர்கள் உதவுவார்களா?

மாட்டார்கள். இது தெரியாமல் போகிறவர்கள் நிறையப் பேர், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உடுத்துவது, குளிப்பது, கழிப்பறை, நாற்காலியிலிருந்து தூக்கி மாற்றுவது, ஊட்டுவது எதையும் பணியாளர்கள் செய்வதில்லை. உதவி தேவைப்படுகிறவர் உதவிக்கு ஆளோடு வர வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. துறைமுகத்தில் தருகிற வீல்சேரும் ஏறவும் இறங்கவும் மட்டும்தான், பயணம் முழுக்கத் தர மாட்டார்கள். சொந்தமாகக் கொண்டுபோகலாம், அல்லது அறைக்கே கொண்டுவந்து வாடகைக்குத் தரும் நிறுவனங்களிடம் முன்பதிவு செய்யலாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு ஸ்பெஷல் நீட்ஸ் அட் சீ, பிரிட்டனில் மொபிலிட்டி அட் சீ.

சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவர்கள் மட்டும் வேறு மாதிரி. இறைச்சியைச் சிறு துண்டாக வெட்டித் தரச் சொன்னால் சமையலறையிலேயே வெட்டி அழகாக வைத்துக் கொண்டுவருவார்கள். மசித்த உணவு வேண்டுமென்றால் அதையும் முன்பே எழுதிக் கேட்கலாம்.

உணவகத்துக்குள் எங்கே உட்கார்வது? வீல்சேரிலேயே உட்காரலாமா?

தாராளமாக. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு உங்கள் வீல்சேருக்கு இடம் விடுவார்கள். பல கப்பல்களில் மெயின் டைனிங் ரூம் இரண்டு மூன்று தளத்தில் விரிந்திருக்கும். குயின் மேரி 2-ன் பிரிட்டானியா உணவகம் 2 தளம், நடுவில் பெரிய படிக்கட்டு. ஓரத்து மேசைகள் சில இடங்களில் ஓரிரு படி உயர்ந்த மேடைமேல் இருக்கும். ஆகவே லிஃப்டிலிருந்து படியில்லாமல் வரக்கூடிய தளத்தில், வாசலுக்குக் கிட்ட, நடமாட்டம் அதிகமில்லாத மேசை என்று பதிவின்போதே கேளுங்கள். மேசையின் அடியில் நடுக்கால் இருந்தால் வீல்சேரின் கால் மிதி இடிக்கும், கப்பல் ஏறியதும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வேறு மேசை கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வாக்கரையும் ஸ்கூட்டரையும் வழியில் நிற்காமல் எங்காவது ஓரமாகக் கொண்டுபோய் வைப்பார்கள். எங்கே வைத்தார்கள், யார் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கழிப்பறைக்கு எழ வேண்டிவந்தால் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மடக்குகிற கைத்தடியை நாற்காலி முதுகில் மாட்டாதீர்கள், பரிமாறுகிறவர் காலில் சிக்கும், மடக்கி மடியில் வையுங்கள். கைப்பைக்குப் பதில் வாக்கரில் மாட்டுகிற கறுப்புப் பை ஒன்று இருந்தால் ஃபார்மல் நைட்டுக்கும் அது பொருந்திப்போகும்.

எந்த நேரம் நல்லது?

பழைய முறையில் இரண்டு பந்தி: ஒன்று சாயங்காலம் 5.30, 6 மணி வாக்கில், இன்னொன்று 8 மணி வாக்கில். பந்தி தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரம் லிஃப்ட் வாசலில் கூட்டம் தாங்காது. நீள கவுனும் கோட்டுமாக வருகிறவர்கள் நடுவில் வீல்சேருக்கு இடம் விடுகிறவர்கள் குறைவு. நன்றாக நடக்க முடிகிறவர்கள் ஒரு தளம் இறங்குவதற்குக்கூட லிஃப்டை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். உடுத்த நேரம் அதிகம் ஆகிறவர்களுக்கு நினைத்த நேரத்தில் போகிற திறந்த நேர முறைதான் உத்தமம். உடுத்தி முடித்து, அசந்து, கொஞ்சம் சாய்ந்துவிட்டுக்கூடப் போகலாம்.

உள்ளே குளிருமா?

குளிரும். நடமாட்டம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் குளிரும், முதுகுத்தண்டுக் காயம் உள்ளவர்களுக்கு உடம்பின் வெப்பக் கட்டுப்பாடே சரியாக வேலை செய்யாது. சால்வை ஒன்று போதும், ஓரம் சக்கரத்துக்குப் போகாமல் செருகிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உடுத்தவே முடியவில்லை என்றால் பட்டினியா?

இல்லவே இல்லை. பஃபே எல்லாக் கப்பலிலும் உண்டு, ஃபார்மல் நைட் அன்றைக்கும் அங்கே எளிய உடை போதும். குயின் மேரி 2-ல்கூடக் காலா ஈவினிங்கில் உடுத்த விரும்பாதவர்களுக்கு கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் திறந்திருக்கும். அறைக்கே உணவு கேட்கலாம், சில நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்குகின்றன, ஏறும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். பஃபேயில் தட்டைத் தூக்க முடியாதவர்கள் வாசலில் நிற்கிற பணியாளரிடம் சொன்னால் கூடவே வந்து, நீங்கள் காட்டக் காட்டத் தட்டில் எடுத்துவைத்து மேசை வரை கொண்டுவருவார். கூச்சப்படாதீர்கள், அது அவர்கள் தினமும் செய்கிற வேலை.

எனக்கு மனம் ஒப்பாதது இதுதான்: நடக்கக் கஷ்டப்படுகிற ஒருவரை, இவருக்கு எதற்கு இவ்வளவு சிரமம் என்று குடும்பமே முடிவு செய்து பஃபேயில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் உடுத்திக்கொண்டு கிளம்புவது. அவரைக் கேளுங்கள். போகலாம் என்று அவர் சொன்னால், அதற்காக ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்து உடுத்திவிடுங்கள்.

துணி துவைக்க, இஸ்திரி போட?

அறையில் இஸ்திரிப் பெட்டி கூடாது, தீ அபாயம் என்று பறிமுதல் செய்வார்கள், ஆவி இஸ்திரியும் அப்படியே. குனார்ட், பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போடும் அறைகள் உண்டு, ராயல் கரீபியனிலும் நார்வீஜியனின் பெரும்பாலான கப்பல்களிலும் இல்லை, துவைக்கக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சுருங்காத துணியாக எடுத்துப்போவது மேல். அலமாரிக் கம்பி உயரம் இன்னொரு தொல்லை. வீல்சேருக்கென்று உள்ள அறைகளில் கம்பி தாழ்வாகவோ, கீழே இழுக்கிற மாதிரியோ இருக்கும். அந்த அறைகளின் கதவு சுமார் 32 அங்குலம். சாதாரண அறைக் கதவு சுமார் 23 அங்குலம்தான், விரித்த நிலையில் வீல்சேர் பெரும்பாலும் அதற்குள் நுழையாது. வீல்சேரையோ ஸ்கூட்டரையோ ராத்திரி வராந்தாவில் விடவும் அனுமதி இல்லை. அறையைப் பதியும்போதே இதைப் பாருங்கள்.

ஃபார்மல் நைட்டில் படம் எடுப்பார்களே?

எடுப்பார்கள், பெரும்பாலும் படிக்கட்டில் நிற்க வைத்து. தரையில் பின்திரை வைத்து எடுக்கிற இடமும் உண்டு, அங்கே போங்கள். குடும்பத்தில் மற்றவர்கள் பின்னால் வரிசையாக நிற்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டால் படம் மிக அழகாக வரும்.

வாசலில் தடுத்துவிட்டால்?

அங்கேயே நின்று வாதாட வேண்டாம், கூட்டத்தின் நடுவில் பெரியவருக்கு அது அவமானமாக இருக்கும். மேத்ர டி-யைக் கூப்பிடச் சொல்லுங்கள், போனில் இருக்கிற பதிலைக் காட்டுங்கள், அமைதியாக ஒரே வாக்கியம்: இது மருத்துவக் காரணத்துக்கான காலணி, முன்பே அனுமதி வாங்கியிருக்கிறோம். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு கப்பலில் இப்படி நடந்தபோது மேலே இருப்பவர் வந்ததும் உடனே உள்ளே அழைத்துப் போனார்கள், மறுநாளிலிருந்து வாசலில் பெயர் சொல்லி வரவேற்றார்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் வரவேற்பு மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், ஊருக்குத் திரும்பி எழுதுவதைவிட அதற்குப் பலம் அதிகம்.

கடைசி ராத்திரி?

எளிய உடைதான். அன்றைக்கு ராத்திரியே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் அவை துறைமுகத்தில்தான் கிடைக்கும். எனவே மறுநாள் போடுகிற துணி, காலணி, காலிப்பர், மாத்திரை, ஸ்கூட்டர் சார்ஜர், உட்காரும் மெத்தை எல்லாவற்றையும் முதலில் கட்டில்மேல் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம் பெட்டியை மூடுங்கள்.